நாற்பத்தேழாம் எண்ணில் வந்த விருந்தாளி

என் அக்கா இதுவரை இருநூற்றுச் சொச்சம் முனைவர்களைக் கரையேற்றியிருக்கிறாள். தங்கை வாயால் சொன்னால் பீற்றிக்கொள்கிறாள் என்பீர்கள். பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் ஏதாவது ஓர் ஆய்வேட்டை எடுத்து நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டுங்கள். பெற்றோருக்கு நன்றி, நெறியாளருக்கு நன்றி, அடுத்த வரியில் ‘இரவு பகல் பாராமல் தட்டச்சு செய்து தந்த அடிக்குறிப்பு அக்காவுக்கு நன்றி’ என்று இருக்கும். இரவு பகல் பாராமல் என்பது சுத்தப் பொய். ஆறு மணி ஆனால் கடையை இழுத்துச் சாத்திவிடுவோம். நன்றி மட்டும் உண்மை.

கடை பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸும் பைண்டிங்கும் என் பொறுப்பு, கணினி அக்காவின் பொறுப்பு. வாசலில் இரட்டைக் கதவு. அதில் ஒரு பக்கம் பல வருஷமாகத் திறப்பதில்லை, பின்னால் காகிதக் கட்டுகளை அடுக்கிவிட்டோம். மறுபக்கத்தில் ஒரு ஆள் நுழையலாம், இரண்டு பேர் நுழைந்தால் உரசல், மூன்று பேர் என்றால் அடைப்பு. ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் நாளைய பேராசிரியர்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தோளை நுழைத்து, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் முழித்துக்கொண்டு நிற்பார்கள். நான் பசைக் கையோடு எழுந்து போய்க் கத்தினால்தான் யாராவது ஒருவருக்குப் பின்வாங்கும் யோசனை வரும்.

அக்கா கல்லூரியில் ஒரு வருஷம்கூட முழுசாகப் படிக்கவில்லை. ஆனாலும் அவள் விரல் படாத துறை கிடையாது. மீனின் செவுள், பழைய கல்வெட்டு, சிமெண்ட் விரிசல், குழந்தைகள் சொல்லும் பொய், ஆற்று மணல், தேனீ என்று எல்லாம் அந்த விசைப்பலகை வழியாகத்தான் போயிருக்கின்றன. எதுவும் அவளுக்குப் புரியாது. புரியக்கூடாது என்பது அவளுடைய தொழில் கொள்கை. புரிந்தால் வேகம் குறைந்துவிடுமாம்.

ஒன்று மட்டும் அவளுக்கு நன்றாகவே புரியும், யார் யாருக்கு என்ன உறவு என்பது. ஒவ்வொரு ஆய்வேட்டின் கடைசியிலும், இன்னின்னார் எழுதியதை ஆதாரமாக எடுத்துக்கொண்டேன் என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆய்வேட்டுக்குள் ஒரு செய்தியைச் சொல்லும்போது பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுவிட வேண்டும். மற்றவர்களுக்கு அந்தப் பட்டியல் உப்புச்சப்பில்லாத பகுதி. அக்காவுக்கு அது குடும்பப் போட்டோ. சுவரில் நீர் கசிவதை ஆராய்கிறவரும் மீனின் செவுளை ஆராய்கிறவரும் ஒரே பெரியவரின் கட்டுரையை எடுத்துக்காட்டியிருந்தால், அவர்கள் இருவரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. ஒருத்தர் இன்னொருத்தரை எடுத்துக்காட்டி, அவர் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால் அது மாமனார் வீட்டு உறவு. எல்லாரும் எடுத்துக்காட்டுகிற, யாரும் படிக்காத ஆள் ஒருவர் எல்லாத் துறையிலும் உண்டு. அவர் பெரியப்பா.

காகிதக் கட்டு வருகிற அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கத்தில் பேனாவால் கோடு கோடாக இந்த உறவுகளை வரைந்து வைத்திருப்பாள். ஒருமுறை தேனீ ஆய்வாளர் ஒருவரையும், தொலைபேசி நெரிசலை ஆராய்ந்த ஒரு பெண்ணையும், ‘நீங்க ரெண்டு பேரும் ஒரே பெரியப்பா வீட்டுப் பிள்ளைங்க’ என்று சொல்லி எதிரெதிரே உட்காரவைத்துவிட்டாள். செத்துப்போன அந்தப் பெரியப்பா சொன்னது சரியா தவறா என்று இரண்டு பேரும் இரண்டு மணி நேரம் என் பைண்டிங் மேஜையைக் குத்திச் சண்டை போட்டார்கள். அடுத்த வருஷம் கல்யாணப் பத்திரிகை அடிக்க எங்களிடமே வந்தார்கள். பத்திரிகையில் அடிக்குறிப்பு போட்டே ஆகவேண்டும் என்று அக்கா அடம்பிடித்து, போட்டும்விட்டாள்.

இப்படிப்பட்டவள் செய்த தவறைத்தான் சொல்ல வந்தேன்.

அக்கா எந்தப் பட்டியலையும் வெற்றுப் பக்கத்தில் தொடங்க மாட்டாள். பழைய ஆய்வேடு ஒன்றின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் பழையதை அழித்து அதே இடத்தில் புதியதை அடிப்பாள். புள்ளி, இடைவெளி, சாய்வெழுத்து எல்லாம் தயாராக இருக்கும், வேலை பாதியாகிவிடும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நாலு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெண் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் நிற்கும் வரிசையை ஆராய்ந்தவள். அவளை வரிசை மேடம் என்றே சொல்கிறேன், இப்போது அவர் துறைத் தலைவர். அன்றைக்கு இரண்டு மணிக்குக் கரண்ட் போய் மூன்றேகாலுக்கு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு வரிகள். அக்கா பேய்வேகத்தில் அடித்ததில் நாற்பத்தேழாவது வரியைத் தாண்டிவிட்டாள். அங்கே பழைய ஆளே குந்தியிருந்தார்.

அந்தப் பழைய ஆள் தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர். குவித்து வைத்த தானியம் கிடங்கின் அடிவாய் வழியாக எப்படி இறங்குகிறது என்று ஒன்பது பக்கத்தில் ஒரே ஒரு கட்டுரை எழுதியவர். அது வெளிவந்த பத்திரிகை இரண்டாவது இதழோடு படுத்துவிட்டது. அவரை அதற்கு முன் பட்டியலில் போட்டிருந்த மாணவன்கூட, நூறு வரி நிரம்ப வேண்டுமே என்று நூலக அட்டையைப் பார்த்துப் போட்டவன்தான்.

வரிசை மேடத்தின் ஆய்வேட்டில், ‘முன்னால் வைக்கும் சிறு தடையும் வரிசையின் கடைசிவரை தேக்கத்தை உண்டாக்கும்’ என்று ஒரு வாக்கியம். பக்கத்தில் எண் நாற்பத்தேழு. நெறியாளர் பார்க்கவில்லை, தேர்வாளர்கள் மூன்று பேரும் பார்க்கவில்லை. பட்டம் கிடைத்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆய்வேடு பிரபலமாகிவிட்டது. எங்கெங்கோ இருந்த ஆஸ்பத்திரிகள் அந்த முறையில் வரிசையை மாற்றின. அப்புறம் வரிசையைப் பற்றி யார் எழுதினாலும் அந்த வாக்கியத்தை எடுத்தார்கள், கூடவே அந்தத் தானியக் கட்டுரையையும் எடுத்தார்கள். ஒருத்தரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஒருத்தர் பட்டியலிலிருந்து இன்னொருத்தர் பட்டியலுக்கு அது தும்மல் மாதிரிப் பரவியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அக்காவுக்கு உறைத்தது. பள்ளிக்கூட மணியை ஆராய்கிறவன் பட்டியலில் தானியம். ரத்தக்கட்டி ஆராய்ச்சியில் தானியம். வதந்தி பரவுவதைப் பற்றிய ஆய்வில் தானியம். யார் இந்தப் புது மாப்பிள்ளை, எல்லா வீட்டுக் குடும்பப் போட்டோவிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று அட்டையில் கோடு போட்டுக்கொண்டே பின்னால் போனாள். ஒரு வாரம் கோடு போட்டாள். எல்லாக் கோடும் ஓர் ஆய்வேட்டில் போய் முடிந்தது. அந்த ஆய்வேட்டின் கோப்பு எங்கள் கணினியிலேயே இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்து, அப்படியே மூடினாள். என்னிடம் மட்டும் சொன்னாள். யாருக்கும் தெரியாத தவறு தவறே இல்லை என்று நான் என் ஞானத்தை எடுத்துவிட்டேன்.

அப்படியே போயிருக்கும், பல்கலைக்கழகம் அந்தப் படத்தை வரையாமல் இருந்திருந்தால். யாருடைய ஆய்வு யாருடைய ஆய்வோடு தொடர்புடையது என்று வரைந்து காட்டும் ஏதோ புது மென்பொருளாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு புள்ளி, எடுத்துக்காட்டினால் ஒரு கோடு. அக்கா அட்டைப்பெட்டியில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்ததைச் சுவர் அகலத்துக்கு வண்ணத்தில் போட்டுத் தந்திருக்கிறது. மருத்துவம் ஒரு மூலை, பொறியியல் ஒரு மூலை, மொழி ஒரு மூலை, உயிரியல் ஒரு மூலை. நட்டநடுவில், அறுபத்திரண்டு கோடுகள் வந்து சேரும் ஒரு கொழுத்த புள்ளி. துணைவேந்தர் அந்தப் புள்ளியைப் பார்த்து அசந்துபோய், துறைகளை இணைத்த இந்த மேதை எங்கே என்று தேடச் சொல்லிவிட்டார். மாநாடு வைத்தார்கள். வியாழக்கிழமை காலை, முதன்மை உரை, தானியக் கட்டுரை எழுதிய கிடங்கு ஐயா.

திங்கட்கிழமை அவர் எங்கள் கடைக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, காலரில் விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் கட்டுரையைக் குழந்தையைத் தூக்குவது போல எடுத்து மேஜையில் வைத்தார். உலகத்திலேயே மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி அதுதானாம். அதை முந்நூறு நகல் எடுக்க வேண்டும், மாநாட்டில் ஆளுக்கொன்று கொடுக்கப்போகிறார். உரையையும் தட்டச்சு செய்ய வேண்டும். வரும் வழியில் இரண்டு முறை அழைப்பிதழை எடுத்துப் படித்ததாக அவரே சொன்னார். மனைவி இருந்திருந்தால் இந்நேரம் தெரு முழுக்கக் காட்டியிருப்பாள் என்றும் சொன்னார். பேசிக்கொண்டே இருந்தார். சந்தோஷம் அவரை நாற்காலியில் உட்காரவிடவில்லை.

“ஒரே ஒரு சந்தேகம்மா,” என்றார் அக்காவிடம். “நான் எழுதினது தானியத்தைப் பத்தி. இந்த டாக்டருங்க, வாத்தியாருங்க எல்லாம் எந்த வழியா எங்கிட்ட வந்தாங்க? நீங்கதான் உறவு கண்டுபிடிக்கிறதுல கெட்டிக்காரின்னு வாசல்ல சொன்னாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. மேடையில அதைச் சொல்லணும்.”

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நான் முந்திக்கொண்டு, மெஷினில் டோனர் இல்லை, நகல் எடுக்க இரண்டு நாளாகும் என்று புளுகினேன். அந்தப் பொய்க்கு ஒத்துழைக்காமல் மெஷின் அந்த நேரம் பார்த்துத் தானாக ஒரு தாளைத் துப்பியது. ஐயா கவனிக்கவில்லை. அவசரமில்லை, புதன்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்.

விஷயம் இதுதான். முந்நூறு பேர் கையில் அந்தக் கட்டுரை போனால், முந்நூறு பேரும் முதல் தடவையாக அதைப் படிப்பார்கள். அதில் வரிசையும் கிடையாது, நோயாளியும் கிடையாது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நிற்கும் மனிதரைப் பார்த்துச் சபை சிரிக்கும். முன்கூட்டியே உண்மையைச் சொன்னால், எழுதி முப்பது வருஷம் கழித்து அவருக்கு வந்த சந்தோஷத்தை நாமே கையால் பிடுங்க வேண்டும். சொன்னால் வரிசை மேடத்தின் காதுக்கும் போகும். அடிக்குறிப்பு அக்கா போட்டால் தப்பாது என்ற பேரை நம்பித்தான் எங்கள் கடையே நடக்கிறது. நகல் எடுக்காமலே ஏமாற்றிவிடலாம் என்றேன் நான். நாலாம் பக்கத்தில் டீயைக் கொட்டிவிடலாம் என்றும் ஒரு யோசனை வைத்திருந்தேன்.

அக்கா என் டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். கட்டுரையை எடுத்தாள். அடிக்கவில்லை, படித்தாள். முப்பது வருஷத் தொழிலில் முதல் தடவையாக, புரிந்துகொள்வதற்காக ஒன்றைப் படித்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். செவ்வாய்க்கிழமை பூராவும் அவள் கணினியைத் தொடவே இல்லை. வாசலில் மாணவர்கள் கத்தினார்கள், உள்ளே நான் கத்தினேன். சாயங்காலம் வீட்டில் அட்டையைக் கூம்பாகச் சுருட்டி, அடியில் ஓட்டை போட்டு, சமையலுக்கு வைத்திருந்த பயறு முழுவதையும் அதில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் வேலை முடிந்து வந்து தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுக்களையில் பயறு இறங்குவதும் நிற்பதுமாக இருந்தது. கடைசியில் அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ரொட்டி வாங்கப் போனார்.

புதன்கிழமை ஐயா வந்ததும் அக்கா எழுந்து நின்றாள். நான் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கரண்ட் போனது, நாலு மணி, தாண்டிப்போன வரி, வரிசை மேடம், அறுபத்திரண்டு பேர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அதற்கு மேலும் ஒன்று சொன்னாள். “அவங்க உங்க பேரைப் போட்டுச் சொல்றது, தடை வெச்சா தேங்கும்னு. நீங்க எழுதியிருக்கிறது நேர் எதிர். உங்களை யாருமே படிக்கல ஐயா. தப்பு என்னோடது.”

ஐயா அழைப்பிதழைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பார்த்தார். திரும்பப் பையில் வைத்தார். பை வாயில் அது சிக்கிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. அந்த விரல்களைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வாசலில் நின்ற மாணவன் ஒருவன் ‘அக்கா, ஸ்பைரல்’ என்றான், அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

அக்காவுக்குப் படபடப்பு வந்தால் வாய் நிற்காது. அன்றைக்கும் நிற்கவில்லை.

“ஐயா, ஆறாம் பக்கத்துல ஒண்ணு புரியல,” என்றாள். “வாய் அடைச்சுக்குதுன்னா, அதுக்கு நேர் மேல ஒரு கட்டையைத் தொங்கவிட்டா சரியாயிடும்னு எழுதியிருக்கீங்க. அடைப்பை எடுக்கறதுக்கு இன்னொரு அடைப்பா? நானும் நேத்து பயறுல போட்டுப் பாத்தேன். நிஜமாவே இறங்குது. ஏன் இறங்குது?”

ஐயா நிமிர்ந்தார். “எவ்வளவு உயரத்துல தொங்கவிட்டீங்க?” என்று கேட்டார்.

ரெண்டு விரற்கடை என்றாள். பத்தாது, இன்னும் ஒரு விரல் மேலே வைத்திருந்தால் இன்னும் வேகமாக இறங்கியிருக்கும் என்றார். எங்கே வைத்தீர்கள், எப்படி வைத்தீர்கள், பயறு காய்ந்ததா ஈரமா என்று கேள்வியாகக் கேட்டார். பிறகு என் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார். கிடங்கில் ஒருநாள் யாரோ தவறுதலாக உள்ளே போட்ட மரக்கட்டை ஒன்று வாய்க்கு மேலே மாட்டிக்கொண்டதையும், அன்றைக்கு மட்டும் தானியம் அடைக்காமல் இறங்கியதையும், இதைச் சொன்னபோது மேலதிகாரிகள் சிரித்ததையும் சொன்னார். எல்லாத் தானியமும் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து வளைவு கட்டிக்கொள்ளுமாம். மேலே ஒரு கட்டை இருந்தால் அந்த முண்டியடிப்பை அது தாங்கிக்கொள்ளுமாம், கீழே இறுக்கம் குறையுமாம். என் பைண்டிங் மேஜையின் ஆணிகளும் குண்டூசிகளும் தானியமாக மாறின. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவருக்குப் போனது, அவர் என்ன சாப்பிடுகிறோம் என்றே பார்க்காமல் சாப்பிட்டார்.

போகும்போது என்னைப் பார்த்து, டோனர் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். முந்நூறும் எடுத்துவிடச் சொன்னார். உரையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார், மாற்றி எழுத வேண்டுமாம்.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நாங்களும் போனோம். அரங்கம் நிரம்பியிருந்தது. மேடைக்குப் பின்னால் அந்தப் படம், நடுவில் அந்தக் கொழுத்த புள்ளி. முதல் வரிசையில் வரிசை மேடம். நாங்கள் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்தோம். ஐயா ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டார். விலைச்சீட்டு நூலைக் காலையில் அக்கா பல்லால் கடித்து எடுத்துவிட்டிருந்தாள்.

“அறுபத்திரண்டு பேர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க,” என்று ஆரம்பித்தார். “அதுக்கு ரொம்ப நன்றி. ஆனா சம்பவம் நடந்தப்போ நான் அந்த ஊர்லயே இல்லை.”

எங்கோ பின்வரிசையில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். ஐயா தொடர்ந்தார். பட்டியலில் ஒரு வரி தப்பியதால் தான் இந்தக் குடும்பத்தில் மருமகனாக நுழைந்துவிட்டதாகவும், பதினோரு வருஷமாக யாரும் முகத்தைப் பார்த்து யார் நீ என்று கேட்கவில்லை என்றும் சொன்னார். கையில் இருக்கும் கட்டுரையின் ஆறாம் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். முந்நூறு பேர் திருப்பினார்கள். அறுபத்திரண்டு பேரில் அங்கே வந்திருந்தவர்களின் காதுகள் சிவந்ததைப் பின்னால் இருந்தே எண்ணலாம். சிரிப்பு வரிசை வரிசையாக ஏறியது. துணைவேந்தர் முதலில் முறைத்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து என் விலா வலித்தது, அழுகிறேனா என்றும் சந்தேகமாக இருந்தது. சபை சிரித்தது, ஆனால் அவரைப் பார்த்து இல்லை.

யார் தட்டச்சு செய்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. நான் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், இவளை எனக்குத் தெரியும். பிடி பலிக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

“நான்தாங்க அடிச்சது,” என்றாள்.

வரிசை மேடம் திரும்பினார். எழுந்தார். அக்காவைப் பார்த்தார். “அந்தப் பட்டியல்ல ஒவ்வொரு பக்கத்துலயும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்,” என்றார். “அடிச்சவங்க பாக்கலன்னா பரவாயில்ல. எழுதினவ நான் பாத்திருக்கணும்.” மேடையைப் பார்த்து, திருத்தத்தைத் தானே முதலில் வெளியிடுவதாகச் சொன்னார். அந்த நாற்பத்தேழாம் இடத்தை இழந்த உண்மையான ஆளுக்கு மன்னிப்புக் கடிதமும் எழுதப்போவதாகச் சொன்னார். அக்கா சட்டென்று உட்கார்ந்தாள்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்தால் வாசலில் கூட்டம். திருத்தச் சீட்டு அடிக்க வேண்டுமாம், எல்லாருக்கும் இன்றைக்கே வேண்டுமாம். மருத்துவம், மொழி, உயிரியல், பள்ளிக்கூட மணி, வதந்தி. சுவரில் வண்ணத்தில் பார்த்த கோடுகள் எல்லாம் கால் முளைத்து எங்கள் அரைக் கதவுக்கு வந்து நின்றன. ஐந்து பேர் ஒன்றாகத் தோளை நுழைத்தார்கள், அடைத்துக்கொண்டது. நான் கத்தினேன். ரத்தக்கட்டி ஆராய்ச்சியாளர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டதால் பின்வாங்க முடியாது என்று விளக்கம் சொன்னார். கூட்டத்தின் நடுவில் வரிசை மேடமும் நசுங்கிக்கொண்டிருந்தார்.

உரைத்தாளைப் பைண்ட் செய்து வாங்க ஐயாவும் வந்திருந்தார். தெருவில் நின்று தலையைச் சாய்த்து எங்கள் வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அம்மா, அந்த ஸ்டூலை இப்படிக் கொடுங்க,” என்று கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தார். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. நான் உட்காரும் வட்ட ஸ்டூலைத் தலைக்கு மேலாகக் கைமாற்றி அனுப்பினாள். இருக்கிற நெரிசலில் இது வேறா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஐயா எல்லாரையும் ரெண்டடி தள்ளச் சொல்லி, ஸ்டூலை வாசலுக்கு நேர் எதிரே வைத்தார். அக்கா உள்ளிருந்து எட்டிப் பார்த்து, இன்னும் ஒரு விரற்கடை பின்னால் என்றாள். அவர் ஒரு முழம் தள்ளி வைத்தார்.

முண்டியடித்த தோள்கள் ஸ்டூலில் பட்டு இரண்டாகப் பிரிந்தன. வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். அரைக் கதவு வழியாக ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. உள்ளே வந்தவர்களே திரும்பி வாசலைப் பார்த்துவிட்டு, மறுபடி வெளியே போய் இன்னொரு தடவை நுழைந்து பார்த்தார்கள். வதந்தி ஆய்வாளர் மூன்று தடவை நுழைந்தார். நான் கத்தவே வேண்டியிருக்கவில்லை, வாயைத் திறந்தபடி நின்றேன்.

வரிசை மேடம் உள்ளே வந்ததும் திருத்தச் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. என் மேஜையில் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு வெளியே போய், கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆட்களை எண்ண ஆரம்பித்தார். ஸ்டூலை எடுக்கச் சொல்லி எண்ணினார், வைக்கச் சொல்லி எண்ணினார். மத்தியானம்வரை எண்ணினார். பதினோரு வருஷம் தப்பாக எழுதிவிட்டேனே என்று அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, கன்னமெல்லாம் சிவந்து சின்னப் பெண் மாதிரி இருந்தார்.

இப்போது மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். முதல் பெயர் வரிசை மேடம், இரண்டாவது கிடங்கு ஐயா. மூன்றாவதைப் போடக்கூடாது என்று அக்கா மல்லுக்கட்டினாள். ஆறாம் பக்கத்தைப் படித்த ஒரே ஆள் நீங்கள்தான், போட்டே ஆகவேண்டும் என்று ஐயா அவளைவிட அதிகமாக மல்லுக்கட்டினார். நன்றியுரைப் பக்கத்தில் இருநூற்றுச் சொச்சம் தடவை இருந்தவள் இந்த ஒரு தடவை தலைப்புக்குக் கீழே வருகிறாள். அவளே அடிக்கிறாள். பட்டியலுக்குப் பழைய கோப்பைத் திறக்கவில்லை. வெற்றுப் பக்கத்தில், முதல் எண்ணிலேயே, கிடங்கு ஐயாவின் கட்டுரையை ஒவ்வோர் எழுத்தாக அடித்து வைத்தாள்.

பன்னிரண்டு பக்கம்தான். அவள் வேகத்துக்கு ஒரு மணி நேர வேலை. நான்கு நாளாக அடித்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் மாணவர்கள் ஸ்டூலைச் சுற்றி ஒழுங்காக வந்து, தங்கள் ஆய்வேடு என்ன ஆச்சு என்று என்னைப் பிடுங்குகிறார்கள். பொறுக்கமாட்டாமல், பன்னிரண்டு பக்கத்துக்கு நாலு நாளா, விரலுக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.

“புரியுதுடி,” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.